கூண்டின் மேல்பக்கம்

ஆலங்கட்டி மழையில் கூரை முழுக்க அம்மைத் தழும்பு,
அதனால்தான் ஐந்நூறு டாலர்.
விற்றவன் சாவியைத் தந்தபோது
எங்கள் கண்ணைப் பார்க்கவில்லை.
டுலூத் வரைக்கும் நாற்பது மைல்
இரண்டாவது கியர் விழாமலே ஓட்டிவந்தாள் மார்லிஸ்.

முதலில் உரித்தோம்.
இருக்கை, கம்பளம், கதவின் உட்தோல்.
பின்னிருக்கைக்கு அடியில்
ஒரு குழந்தையின் ஒற்றைக் கையுறை,
ஒரு முழு நாய்க்குப் போதுமான மயிர்,
பதினொரு டாலர் சில்லறை.
ஆர்விட் நோட்டை எடுத்து அடித்து எழுதினான்:
கார், நானூற்று எண்பத்தொன்பது.
தரையோடு ஒட்டிக்கிடந்த தாரை
உலர்பனி கொட்டி உறையவைத்துத் தட்டினால்
பீங்கான் மாதிரி உடைந்தது.
அன்றைக்கு மட்டும்
இது சுலபம் என்று நினைத்தோம்.

அணி என்றால் நாலு பேர்.
மார்லிஸ், பல் ஆஸ்பத்திரியில் காரை சுரண்டுகிறவள்.
(இரண்டு காரையும் அவள்தான் சுரண்டினாள்.)
ஆர்விட் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறான்,
இருபது வருஷத்தில் யாரையும் முந்தியதில்லை.
லூவெல்லா வைக்கோல் கட்டும் இயந்திரங்களுக்குப் பற்றவைப்பவள்.
நான் இரும்புத்தாதுக் கப்பலில் சமையல்.
ஏரி உறைந்தால் எனக்கு வேலை இல்லை,
அதனால் எல்லா வேலையும் எனக்கு.

தலைக்கவசம், கழுத்துக்காப்பு, தீக்கு உடுப்பு,
ஆறு முனைப் பட்டை:
மூவாயிரத்து இருநூறு.
சாகாமலிருக்க ஆகும் செலவு
காரின் விலையில் சேராது
என்கிறது விதி.

மூடிய மளிகைக்கடை வாசலில், மிச்சப் பனியில்,
ஓட்டுநர் மாறிப் பழகினோம்.
ஆர்விட் ஆறடி நாலங்குலம்,
மடக்கு ஏணி மாதிரி பகுதி பகுதியாக வெளியே வருவான்.
மார்லிஸ் ஐந்தடிகூட இல்லை,
முதுகுக்கு நுரைமெத்தையோடு உள்ளே பாய்வாள்.
முதல் தடவை ஒன்பது நிமிஷம்.
இருபதாவது தடவை மூன்றே முக்கால்.
அதற்குள் காவல் வண்டி ஒன்று வந்து
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மே மாதம். கப்பலில் பொய் சொல்லி நாலு நாள் விடுப்பு.
பந்தயத்துக்கு முதல் நாள், சோதனை.
ஓடெட் பெல்கோர்ட், வெள்ளைத் தொப்பி,
கூண்டின் ஒவ்வொரு மூட்டையும் விரலால் சுற்றினாள்.
கூரைக்கடியில் விரல் நுழையவில்லை.
"மேலே முழுசாச் சுத்திப் பத்தவெச்சிருக்கா?"
"ஆமா" என்றாள் லூவெல்லா.

மார்லிஸ் சட்டைப்பையிலிருந்து
பல் பார்க்கும் கண்ணாடியை எடுத்து
ஓடெட்டிடம் நீட்டினாள்.

கால் வட்டம் இல்லை.
நாலு மூட்டிலும் கால் வட்டம் இல்லை.

"இந்தக் கூரைக்குக் கீழே
நான் உட்காரப்போறேன், லூ" என்றாள்,
அவ்வளவுதான்.

அன்றிரவு
கூண்டின் காலடியில் தரையை அறுத்தோம்.
கூண்டு ஓட்டை வழியே கீழே இறங்க,
கூரைக்கும் குழாய்க்கும் நடுவில்
ஒரு கை போகும் இடம்.
பக்கத்து அணி, காரின் தலையில் ஒட்டுப்பலகை மாடு வைத்தவர்கள்,
ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், கேட்காமலே.
லூவெல்லா மல்லாந்து படுத்துப் பற்றவைத்தாள்.
பொறி காலருக்குள் விழும்போதெல்லாம்
ஒரு கெட்ட வார்த்தை, தாழ்ந்த குரலில்.
கண்ணாடியைப் பிடித்தது மார்லிஸ்.
"இடது." "இன்னும்." "பிடி."
அதைத் தவிர விடியும்வரை
இருவரும் பேசவில்லை.

ஆறரைக்கு ஓடெட் அதே கண்ணாடியைக் கேட்டு வாங்கி
நிதானமாகப் பார்த்து
ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாள்.

பதினொரு மணிக்குத் தண்ணீர் பம்ப் போகும்.
எண்பத்துமூன்றில் எழுபத்தொன்பதாவதாக முடிப்போம்.
அதெல்லாம் அப்போது தெரியாது.
ஒன்பதாவது சுற்றில்
வானொலி கரகரத்தது. ஆர்விட்.
"ஒருத்தரை முந்திட்டேன்."
கொஞ்சம் இடைவெளி.
"இண்டிகேட்டர் போட்டுத்தான்."

லூவெல்லா சிரித்தாள்.
கையிலிருந்த காப்பியை
பாதி குடித்துவிட்டு
மார்லிஸிடம் நீட்டினாள்.